கற்பிக்கும் கூடங்கள் கற்கின்றனவா?

ஆண்டுதோறும் மே மாதம் முடியும் வேளையில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு காட்சியைக் காணலாம். வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் வந்து நிற்கும் பேருந்துகளிலிருந்து தகப்பன்மார் இறங்குகின்றனர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதனுள் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். இரண்டடி பின்தங்கி மகனோ மகளோ நடந்து வருகின்றனர். தேநீர்க் கடையில் அமர்ந்து, முன்பின் அறியாதவரிடமும் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஐயா, பிள்ளையைச் சேர்க்க எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி?"

ஊரார் தரும் விடைகளை நாம் அறிவோம். கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, கல்லூரிப் பேருந்து நம் ஊருக்கு வருமா, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்று பேச்சு நீளும். இவை எல்லாம் வேண்டிய கேள்விகளே. மழை பொய்த்த ஆண்டில் ஆடுகளை விற்றுக் கட்டணம் கட்டும் ஒரு குடியானவருக்கு இவற்றை விடப் பெரிய கேள்வி இல்லை என்று யாரேனும் சொன்னால் நாம் மறுக்க மாட்டோம். ஆயினும் அவர் சார்பில் நாம் இன்னும் ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகின்றோம். பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்ற அந்தக் கல்லூரி, தான் ஏதேனும் கற்றுக்கொள்கின்றதா?

கேள்வி விந்தையாகத் தோன்றலாம். கல்லூரி என்பது கட்டடமும் ஆசிரியரும் அலுவலகமும் சேர்ந்த ஓர் அமைப்பு. அமைப்பு எப்படிக் கற்கும்? ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி விளக்குவோம்.

இரண்டு ஏடுகள்

நமக்கு நெருங்கிய பேராசிரியர் ஒருவர் நெடுங்காலம் பணியாற்றிய கல்லூரி அது. அரசு உதவி பெறும் கல்லூரி. பெயர் வேண்டா, பெயரைச் சொன்னால் பழி அக்கல்லூரிக்கு மட்டும் என்று ஆகிவிடும். அங்கே முதலாண்டு மாணவரில் பலர் பகுதி இரண்டு ஆங்கிலத் தாளில் ஒவ்வோர் ஆண்டும் தோற்று வந்தனர். தேர்வு முடிவு வந்த பின் ஆசிரியர் கூட்டம் கூடும். "தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள்; அடித்தளம் சரியில்லை" என்று ஒருவர் சொல்வார். "பள்ளிகளில் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதில்லை" என்று மற்றொருவர் சொல்வார். மாலையில் தனி வகுப்பு நடத்தத் தீர்மானம் நிறைவேறும். தனி வகுப்புகளும் நடக்கும். அடுத்த ஆண்டும் அதே முடிவு வரும்; அதே தீர்மானம் நிறைவேறும். கூட்டக் குறிப்பேட்டில் ஆண்டு மட்டும் மாறியிருக்கும்.

ஓர் ஆண்டு, பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஓர் இளம் ஆசிரியை இரண்டு ஏடுகளை ஒரே மேசைமேல் வைத்துப் பார்த்தார். ஒன்று துறையிலிருக்கும் வருகைப் பதிவேடு. மற்றொன்று தேர்வுப் பிரிவிலிருக்கும் மதிப்பெண் ஏடு. இரண்டும் அக்கல்லூரியில் எப்போதும் இருந்தவைதாம். ஆனால் இரண்டும் ஒரே மேசைக்கு வந்ததே இல்லை. தோற்றவர்களில் பெரும்பாலோர் ஒரே திசையிலிருந்து வருவோர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அத்திசையிலிருந்து வரும் ஊர்ப் பேருந்து, கல்லூரி மணி அடித்து இருபது நிமிடம் கழித்தே வந்து சேரும். ஆங்கில வகுப்போ எல்லாப் பிரிவினருக்கும் நாள்தோறும் முதல் மணி நேரத்தில். தாமதமாக வந்த பிள்ளைகள் வாசலில் நின்று வசை கேட்க அஞ்சி, மரத்தடியில் இருந்துவிட்டு இரண்டாம் மணிக்கே உள்ளே வந்திருக்கின்றனர்.

சரி, ஆங்கிலத்தை ஏன் முதல் மணியில் வைத்தார்கள்? எவருக்கும் தெரியவில்லை. ஓய்வு பெற்றுப் போன ஒரு பெரியவரைத் தேடிப் போய்க் கேட்டனர். அவர் சிரித்தாராம். முன்னாளில் எல்லாப் பிரிவு மாணவரையும் சேர்த்து உட்கார வைத்து ஆங்கிலம் நடத்தப் பெரிய கூடம் ஒன்றே ஒன்று இருந்ததாம். அது முதல் மணியில் மட்டும் காலியாக இருக்குமாம். அந்தக் கூடத்தைத் தடுத்துக் கணினி அறைகளாக்கி வெகுகாலம் ஆகிவிட்டது. காரணம் போய்விட்டது, ஏற்பாடு மட்டும் நின்றுவிட்டது.

பள்ளிக் கல்வியின் மேல் எத்தனை ஆண்டுகள் பழி போட்டிருப்பார்கள்! எத்தனை தகப்பன்மார் "உனக்கு மண்டையில் ஏறவில்லை" என்று பிள்ளையை ஏசியிருப்பார்கள்! பட்டம் பெறாமல் ஊர் திரும்பிய பெண்பிள்ளைகள் எத்தனை பேருக்கு அவசரமாக மணம் முடித்திருப்பார்கள்! கல்லூரி கற்காததற்கான விலையைக் கல்லூரி கொடுப்பதில்லை. அதைக் கொடுப்பவர்கள் அந்தப் பிள்ளைகள்.

கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்ட் ஷோன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1978ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றி ஒரு நூல் எழுதினர். அமைப்புகள் கற்கும் வகை இரண்டு என்பது அவர்கள் கருத்து. தவறு நேர்ந்தால் செய்முறையை மட்டும் சற்றுத் திருத்திக்கொண்டு பழைய பாதையிலேயே செல்வது ஒன்று. மாலை நேரத் தனி வகுப்பு அத்தகையது. பாதையையே கேள்விக்கு உட்படுத்துவது மற்றொன்று; கால அட்டவணையைத் தொட்டது அத்தகையது. முதல் வகை எளிது, எவர் மனமும் நோகாது. இரண்டாம் வகையில் யாரோ ஒருவர் போட்ட திட்டம் தவறு என்று சொல்ல நேரும். அந்த யாரோ பெரும்பாலும் மேலிடத்தில் இருப்பவர். எனவே அமைப்புகளில் உள்ளோர் தவற்றை மறைக்கின்றனர். நாளடைவில் மறைக்கின்றோம் என்பதையே மறந்துபோகின்றனர். இதை ஆர்கிரிஸ் தம் வாழ்நாள் முழுவதும் எழுதிவந்தார். நம்மூர் ஆசிரியர் அறைகளில் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தால் அவருடைய நூலைப் படிக்காமலே இது விளங்கும் என்பது நம் எண்ணம்.

நான்கு வகைப் பணம்

திண்டுக்கல் நகரும் சமவெளியும் இப்பொருளை ஆராய ஏற்ற இடம். சிறிய வட்டத்துக்குள் எல்லா வகைக் கல்லூரிகளும் இங்கு உள. சின்னாளபட்டி அருகே, டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தோற்றுவித்த காந்திகிராமத்தில் 1956இல் கிராமிய நிறுவனம் எழுந்தது. அது 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. நடுவண் அரசின் பணத்தில் நடப்பது. நகரில் ஜி.டி.என். கலைக் கல்லூரி 1964இல் தொடங்கியது. தனியார் ஆட்சிக்குழுவும் அரசு உதவியும் சேர்ந்து நடத்துவது. இன்று அதனுள் சுயநிதிப் பாடப்பிரிவுகளும் உள. எம்.வி. முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி 1966இல் பிறந்தது. முற்றிலும் மாநில அரசுடையது. பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரி 1984இல் வந்தது. தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வாசல் திறக்கப்பட்ட ஆண்டும் அதுவே. தாமரைப்பாடியில் அருட்சகோதரிகள் நடத்தும் புனித அந்தோணியார் மகளிர் கல்லூரியும் மாணவியர் கட்டணத்தில் இயங்குவதே. இனி நாம் சொல்லப்போவது இவற்றுள் எந்த ஒன்றையும் குறித்து அன்று. பணம் எங்கிருந்து வருகின்றதோ அதற்கேற்பக் கற்கும் பழக்கமும் மாறுகின்றதா என்பதே கேள்வி.

மாறுகின்றது என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் பலர் எதிர்பார்க்கும் விதத்தில் அன்று.

அரசுக் கல்லூரியில் ஆசிரியருக்கு அச்சம் இல்லை. முதல்வரின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசினாலும் அவர் வேலை போகாது. கற்கும் அமைப்புக்கு வேண்டிய முதல் பொருள் இதுவே. ஆனால் அங்கே நினைவு தங்குவதில்லை. ஆசிரியர்கள் மாறுதலில் வருவர், போவர். பணிமூப்பின்படி முதல்வராகின்றவர் பெரும்பாலும் ஓய்வுக்கு ஓரிரு ஆண்டு இருக்கும்போதே நாற்காலியில் அமர்கின்றார். கோப்புகளைப் புரிந்துகொள்ளும் முன் வழியனுப்பு விழா வந்துவிடுகின்றது. நிரந்தர இடங்கள் நிரப்பப்படாத நிலையில் கௌரவ விரிவுரையாளர்களே வகுப்புகளின் பெருஞ்சுமையைத் தாங்குகின்றனர். அவர்களுக்கு ஆண்டில் பதினொரு மாதமே ஊதியம். பெயரில் இருக்கும் கௌரவம் பணியில் இல்லை. மேலும், கால அட்டவணையை மாற்றும் சிறு செயலுக்குக்கூட "மேலிருந்து ஆணை வரட்டும்" என்னும் சொல் அங்கு ஆயத்தமாக இருக்கும்.

சுயநிதிக் கல்லூரியின் குணம் இதற்கு நேர் எதிர். அங்கு முடிவுகள் விரைவானவை. திங்கட்கிழமை சொன்ன யோசனை நல்லதெனத் தாளாளருக்குத் தோன்றினால் வெள்ளிக்கிழமை நடைமுறைக்கு வந்துவிடும். புதிய பாடம், புதிய கருவி, தொழிற்சாலைகளோடு உடன்பாடு, நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி எனத் தனியார் கல்லூரிகள் முதலில் செய்து காட்டியவை பல. மாணவர் சேர்க்கை குறைந்தால் கல்லூரியே மூடப்படும் என்ற நிலை அவர்களை விழிப்பாக வைத்திருக்கின்றது. அப்படி மூடப்பட்ட பொறியியல் கல்லூரிகளைத் தமிழகம் கண்டிருக்கின்றது. ஆனால் தாளாளருக்குத் தோன்றாத யோசனையை, அல்லது அவருக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்பவர் யார்? ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பணி. மாணவர் சேர்க்கைக்கு வீடு வீடாக அலைய வேண்டிய கடமை. எதிர்த்துப் பேசினால் அடுத்த சூன் மாதம் பெயர் பட்டியலில் இராது என்னும் அச்சம். வேறிடத்தில் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தால் ஆசிரியரும் போய்விடுகின்றார். அவர் மூன்று ஆண்டுகளில் கற்றதும் அவரோடு போய்விடுகின்றது. விரைந்து செயல்படும் கால்கள் உண்டு. சுட்டிக்காட்டும் விரல் இல்லை.

ஒரே கூரை, இரு பதிவேடுகள்

நாம் சற்று நின்று பார்க்க வேண்டியது அரசு உதவி பெறும் கல்லூரிகளையே. நம் திருச்சபையின் பழைய கல்லூரிகளில் பெரும்பாலானவை இந்த வகை. இவற்றில் மேற்சொன்ன இரண்டு நோய்களும் இரண்டு நன்மைகளும் ஒரே வளாகத்தில் குடியிருக்கின்றன.

முன் கதை ஒன்று உண்டு. ஐம்பதாண்டுக்கு முன் தனியார் கல்லூரி ஆசிரியரின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. முழு ஊதியத்துக்குக் கையொப்பமிட்டுக் குறைந்த தொகையைப் பெற்றுச் சென்ற ஆசிரியர்களைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் சொல்வர். ஆசிரியர் இயக்கங்கள் போராடின. ஊதியம் அரசிடமிருந்து நேரே ஆசிரியருக்கு வரும் முறை பிறந்தது. 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், உரிய அதிகாரியின் முன் இசைவின்றி ஆசிரியரைப் பணி நீக்கம் செய்யலாகாது என்றது. கல்லூரிக் குழுவில் ஆசிரியருக்கும் இடம் தந்தது. சிறுபான்மையினர் நிறுவனங்கள் அரசியலமைப்பின் 30ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றம் சென்றதும் நமக்குத் தெரியும். உரிமையைக் காத்தல் முறையே. ஆனால் அந்நாளில் நம் நிறுவனங்களில் பணிபுரிந்த ஆசிரியர் சிலர், "எங்கள் பாதுகாப்பை எதிர்த்தா வழக்கு?" என்று மனம் கசந்ததையும் நாம் மறைத்தல் கூடாது.

சட்டம் ஆசிரியருக்கு நாவைத் தந்தது. துறைத் தலைவரும் செயலரும் கேட்க விரும்பாதவற்றைச் சொல்லும் துணிவு அதிலிருந்து வந்தது. 1978இல் தமிழகத்தில் முதன்முதலாகச் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றபோது, தாமே பாடத்திட்டம் வகுத்து, தாமே தேர்வு நடத்தி, தம் பிழைகளைத் தாமே திருத்திக்கொள்ள அக்கல்லூரிகளால் முடிந்ததற்கு இத்தகைய ஆசிரியர்களும் ஒரு காரணம். மதுரை அமெரிக்கன் கல்லூரியும் சென்னை இலொயோலாக் கல்லூரியும் அந்த முதல் வரிசையில் நின்றவை.

பிறகு காற்று திசை மாறியது. 1990களின் தொடக்கம் முதல் புதிதாகத் தொடங்கிய பாடப்பிரிவுகளுக்குப் பொதுவாக அரசு உதவி கிட்டவில்லை. படிக்க வரும் பிள்ளைகளோ பெருகினர். கல்லூரிகள் சுயநிதிப் பிரிவைத் தொடங்கின. விளைவு என்ன? ஒரே கூரையின் கீழ் இரு வகை ஆசிரியர்கள். ஒரே பட்டம், ஒரே பாடம், சில இடங்களில் ஒரே வகுப்பறை. காலையில் ஒருவர், மாலையில் மற்றொருவர். ஊதியத்திலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு. வருகைப் பதிவேடுகூட வேறு. ஆசிரியர் அறையே தனியாக இருக்கும் கல்லூரிகளும் உண்டு. ஓய்வு பெறும் நிரந்தர ஆசிரியரின் இடம் நிரப்பப்படாத ஆண்டுகளில் ஒரு பக்கம் சுருங்க, மறு பக்கம் வளர்ந்தது.

ஊதிய வேறுபாட்டை எல்லோரும் பேசுகின்றனர், பேசவும் வேண்டும். நாம் இங்கே சுட்ட விரும்புவது வேறொன்று. பேசும் உரிமை உடையவர் ஒரு பக்கம் இருக்கின்றார். அவர் ஓய்வை நோக்கிச் செல்பவர். புதிதாகப் பார்க்கும் கண் உடையவர் மறு பக்கம் இருக்கின்றார்; அவருக்குக் கூட்டத்தில் நாற்காலி இல்லை. கண்ணும் நாவும் வெவ்வேறு உடல்களில் இருந்தால் அந்த அமைப்பு எப்படிக் கற்கும்?

ஆசிரியர் பயிற்சியிலும் இதுவே கதை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்க்கான பயிற்சிக் கல்லூரிகளைப் பல்கலைக்கழகங்களில் ஏற்படுத்தியது. புத்தொளிப் பயிற்சிக்குச் சென்று வருதல் பதவி உயர்வுக்குத் தேவையாயிற்று. நிரந்தர ஆசிரியர் செல்கின்றார், சான்றிதழோடு திரும்புகின்றார். சான்றிதழின் நகல் கோப்பில் சேர்கின்றது. "என்ன கற்று வந்தீர்கள்? எங்களுக்கும் சொல்லுங்கள்" என்று துறையில் யாரேனும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்களா? கேட்ட துறைகளும் உண்டு, அவை சிலவே. சுயநிதி ஆசிரியரோ, விடுப்பும் ஊதியமும் தந்து அனுப்பினால்தானே போக முடியும்? ஒருவர் கற்றது அவர் மண்டைக்குள்ளேயே இருந்துவிட்டால் கற்றவர் அவர்தாம், கல்லூரி அன்று.

நம் பழைய ஏட்டில் ஒரு பாடம்

இதற்கு வழி தேட அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை என்று சொல்லத் தோன்றுகின்றது. திண்டுக்கல்லில் பெஸ்கி பாதிரியாரின் பெயரால் இல்லம் நடத்தும் இயேசு சபையாரின் வரலாற்றிலேயே வழி இருக்கின்றது.

அச்சபையார் 1548இல் சிசிலித் தீவின் மெசினாவில் தம் முதற்பெரும் கல்லூரியைத் தொடங்கினர். சில பத்தாண்டுகளில் கல்லூரிகள் ஐரோப்பா எங்கும் பெருகின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்தது. பொதுவான கல்வி முறை ஒன்று வேண்டும் என்றபோது, உரோமையில் இருந்த தலைவர் ஆணை ஒன்றை எழுதி அனுப்பியிருக்கலாம். கீழ்ப்படிதலுக்குப் பெயர் போன சபை, மறுப்பார் யார்? ஆனால் நடந்தது வேறு. பல நாட்டுத் துறவியர் அறுவர் கூடி ஒரு வரைவை ஆக்கினர். 1586இல் அது எல்லா மாநிலங்களுக்கும் சென்றது. "உங்கள் அனுபவத்துக்கு இது ஒத்து வருமா? குறை சொல்லுங்கள்" என்று கேட்டது. குறைகள் மூட்டை மூட்டையாக வந்தன. அவற்றைக் கொண்டு 1591இல் இரண்டாம் வரைவு ஆக்கப்பட்டது. அதை வகுப்பறைகளில் நடத்திப் பார்த்து மீண்டும் எழுதி அனுப்பினர். 1599 சனவரியில்தான் தலைவர் குளோதியோ அக்குவாவிவா இறுதி வடிவத்தை வெளியிட்டார். பதின்மூன்று ஆண்டுகள்! தபால் குதிரையிலும் கப்பலிலும் சென்ற காலத்தில்!

ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இலக்கணம் சொல்லிக் கொடுத்த ஒரு சாதாரண ஆசிரியரின் முணுமுணுப்பும் உரோமையை எட்ட வழி இருந்தது. அதனால்தான் அந்த ஏடு நெடுநாள் நின்றது. பிற்காலத்தில் அதுவே எவரும் தொடலாகாத ஏடாக இறுகிப்போனதும் உண்மை. உலகம் மாறிய பின், 1832இல் தான் அதைத் திருத்த முனைந்தனர். கற்றுப் பிறந்த நூலும் கற்க மறந்துபோகக் கூடும் போலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் துறவற சபைகளின் கல்லூரிகளில் முதல்வரும் செயலரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுகின்றனர். அரசுக் கல்லூரியின் இடமாறுதலுக்கு இது சளைத்ததன்று. புதிய தந்தையோ சகோதரியோ வருகின்றார். முன்னவர் தொடங்கியதை நிறுத்திவிட்டுத் தமக்குத் தோன்றியதைத் தொடங்குகின்றார். துறவியர் இல்லங்களில் நாட்குறிப்பு எழுதும் பழைய மரபு உண்டு. இன்னார் வந்தார், இன்னது நடந்தது என்று இல்லத்தின் நினைவு அதில் சேரும். கல்லூரிக்கும் அப்படி ஒன்று இருந்தால் என்ன? இந்த முடிவை ஏன் எடுத்தோம், யார் மறுத்தார், எப்போது மீண்டும் பார்க்க வேண்டும் என்று நாலு வரி. ஆங்கில வகுப்பு ஏன் முதல் மணியில் என்று ஒருவர் ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தால்!

இங்கே காந்திகிராமத்தை நினைவுகூராமல் இருக்க முடியாது. கற்பித்தல், ஆராய்ச்சி, மக்களிடம் செல்லும் விரிவாக்கப் பணி ஆகிய மூன்றையும் ஒரே தட்டில் வைத்த நிறுவனம் அது. மாணவர்கள் சுற்றுக் கிராமங்களில் சில நாள் தங்கிப் பணி செய்வது அங்கே பாடத்தின் பகுதி. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள ஆசிரியருக்கு அதைவிட நல்ல இடம் ஏது? தண்ணீர் வற்றிய கிணற்றின் அருகில் நின்று ஒரு விவசாயி கேட்கும் கேள்விக்குப் பாடநூலில் விடை இராது. பல்கலைக்கழக அந்தஸ்து அந்நிறுவனத்தின் ஆசிரியருக்கு நல்ல ஊதியத்தையும் மாணவருக்கு எங்கும் செல்லும் பட்டத்தையும் தந்தது. அதே வேளையில் மற்றப் பல்கலைக்கழகங்களைப் போல் ஆகிவிட வேண்டும் என்ற இழுப்பையும் அது உண்டாக்கியது என்பது நம் கருத்து. கிராமத்திலிருந்து கற்ற பாடம் வகுப்பறைப் பாடத்திட்டத்தைத் திருத்தும் அளவுக்குத் திரும்பி வர வேண்டும். வெறும் அறிக்கையாக வந்தால் போதாது.

அறிக்கை என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகின்றது. 1994இல் தேசியத் தர மதிப்பீட்டுக் குழு ஏற்பட்டது. ஒவ்வொரு கல்லூரியும் தன்னைத் தானே ஆய்ந்து அறிக்கை தர வேண்டும், உள்தர உறுதிக் குழு அமைக்க வேண்டும் என்பன அதன் விதிகள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வளாகத்தில் நடப்பதை நாம் கண்டிருக்கின்றோம்: குழு வருவதற்கு மூன்று மாதம் முன் சுவருக்கு வெள்ளை பூசப்படும், நடக்காத கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதப்படும், மாணவர் கருத்துப் படிவங்கள் ஒரே நாளில் நிரப்பப்படும். பிள்ளைகளுக்கு முன்னால் பெரியவர்கள் செய்யும் இக்காரியத்திலிருந்து பிள்ளைகள் கற்பது என்ன என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை. நேர்மையாகத் தன்னை ஆராய்ந்து, அதனால் மெய்யாகவே மாறிய கல்லூரிகளும் உண்டு. படிவம் ஒன்றுதான், நிரப்பும் மனம் வேறு.

இனி, பேருந்து நிலையத்தில் நாம் விட்டுவந்த தகப்பனார். அவர் என்ன செய்யக் கூடும்? சேர்க்கை நாளில் அவரால் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. பட்டம் பெறாதவரும் கேட்கலாம். "உங்கள் துறையில் ஐந்தாண்டாக இருக்கும் ஆசிரியர் எத்தனை பேர்?" "போன ஆண்டு அதிகம் பேர் தோற்ற பாடம் எது, அதற்கு என்ன செய்தீர்கள்?" "பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் பேசலாமா, கேட்டுக்கொண்டு போக மட்டுமா?" இரண்டாம் கேள்விக்கு "எங்கள் கல்லூரியில் யாரும் தோற்பதில்லை" என்று விடை வந்தால் அவர் சற்று எச்சரிக்கையாக இருக்கலாம். "பையன்கள் சரியில்லை" என்று வந்தாலும் அப்படியே. ஆட்சிக்குழுக்களில் அமர்ந்திருக்கும் நம் பங்குப் பெரியவர்களும் அருட்பணியாளர்களும் இதே கேள்விகளைக் கேட்டால் இன்னும் நலம். அவர்களுக்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

அந்த ஆங்கில வகுப்பின் கதையை முடிக்கவில்லை. இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்ட இளம் ஆசிரியை சுயநிதிப் பிரிவைச் சேர்ந்தவர். தொகுப்பூதியக்காரர், ஆசிரியர் மன்றக் கூட்டத்தில் அவருக்கு இடம் இல்லை. தாம் கண்டதை ஒரு தாளில் எழுதி, நாம் முன்னே சொன்ன மூத்த பேராசிரியரிடம் கொண்டுபோய், "ஐயா, நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டா" என்று வேண்டிக்கொண்டாராம். "ஏனம்மா, நல்லதைத்தானே செய்திருக்கின்றீர்கள்?" என்று அவர் கேட்டதற்கு விடை வரவில்லை. பேராசிரியர் கூட்டத்தில் எழுந்து படித்தார். ஆனால் யார் எழுதியது என்பதையும் சொல்லிவிட்டார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு முதல்வர், அந்த ஆசிரியையை உள்ளே அழைத்து வரச் சொன்னார். அவருக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது.

அடுத்த பருவத்தில் ஆங்கிலம் மூன்றாம் மணிக்கு மாறியது. மாற்றத்தின் காரணத்தைத் துறையில் ஒரு தனிக் குறிப்பேட்டில் அந்த ஆசிரியையே தம் கையால் எழுதினார். ஆண்டு முடிவில், சற்றுக் கூடுதல் ஊதியம் தந்த ஒரு பள்ளிக்கு அவர் வேலைக்குப் போய்விட்டார். பேராசிரியரும் ஓய்வு பெற்றுவிட்டார். குறிப்பேடு துறை அலமாரியில் இருப்பதாகக் கேள்வி. அதில் அவருடைய பக்கத்துக்குப் பின் வேறொருவர் கையெழுத்திலும் இரண்டு பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவாம்.